ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்தது

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. முன்கதவு ஊறிப்போய், தோளால் இடித்தால்தான் மூடுகிறது. குடைக் கம்பி ஒன்று போச்சு. மருந்து ஸ்டாக் எண்ணுவது பாதியில் நிற்கிறது.

மதியம் டிஷ் கம்பெனியிலிருந்து போன். ஒரு பெண். பாடம் ஒப்பிக்கிற குரல். "மேடம், உங்க பாக்ஸ் ரொம்பப் பழைய மாடல். ரெக்கார்டர் உள்ள பாக்ஸுக்கு இனிமே சர்வீஸ் கிடையாது. புதுசுக்கு மாறிக்கோங்க. பழசை எங்க ஆள் வந்து எடுத்துப்பார்." புதியதில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டேன். "அது தேவையே இல்ல மேடம், விட்டுப்போனதை நெட்ல பாத்துக்கலாம்."

நெட்டாம். மலைமேல் இந்த ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் குளியலறை ஜன்னல் ஓரம் நின்றால்தான் டவர் வருகிறது. அங்கே நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறாள் போல. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மாலை 7.30. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சீரியலைப் பதிய ஆரம்பித்துவிட்டது. நான் அடுப்படியில் உப்புமா கிளறிக்கொண்டு. டிவி ஆஃப். வழக்கம்போல.

நவ. 5, புதன்

மழை இல்லை. பனிமூட்டம். எதிரே ஆஸ்பத்திரிக் கட்டடமே தெரியவில்லை.

எழுதிப் பார்த்தால் தெளியுமா என்று ஒரு பட்டியல்.

பெட்டியை மாற்றலாம், ஏனென்றால்:
- வயது ஒன்பது. லால்குடியிலிருந்து மாறுதலாகி வந்தபோது பீரோவுடன் லாரியில் ஏறி வந்தது.
- சூடாகிறது. மேலே அப்பளம் சுடலாம்.
- ரிமோட்டில் 4, 7 வேலை செய்யாது.
- கெட்டுப்போனால் பார்க்க ஆள் கிடையாது.

மாற்ற வேண்டாம், ஏனென்றால்:
- வெ.அம்மா.

வெ.அம்மா என்றால் வெள்ளையம்மா. இதே மலையில் திருப்புலி நாட்டுப் பக்கம் ஊர். மிளகும் குச்சிக்கிழங்கும் (மரவள்ளிதான்) போட்டிருக்கிறார்கள். பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்ட்டருக்கு என்னிடம் வருபவர். இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிறு, மழைக்கு என் வீட்டில் ஒதுங்கினார். டிவியில் நான் பதிந்து வைத்திருந்த சீரியல். கண்ணை எடுக்கவே இல்லை. "எங்கூட்டுல டிவி இல்லீங்க மருந்தம்மா" என்றார். பாவமாக இருந்தது. வாரம் முழுக்கப் பதிந்து வைக்கிறேன், ஞாயிறு மதியம் வாருங்கள், சேர்ந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து நான் வார நாட்களில் பார்ப்பதில்லை. முன்னாலேயே பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி பக்கத்தில் உட்காருவது ஏமாற்று. ஆறு நாள் கதையும் ஞாயிறு மதியம்தான். விளம்பரத்தைத் தள்ளிவிட்டால் இரண்டேகால் மணி நேரம். நடுவில் ஒரு காபி.

பெட்டி போனால் ஞாயிறும் போகும். விஷயம் அவ்வளவுதான்.

நவ. 6, வியாழன்

சாந்தி சிஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. ஊசி போடும் அறையிலிருந்து கத்துகிறார். "மேடம், நேத்து அந்த மருமக என்ன பண்ணா தெரியுமா?" காதைப் பொத்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். எனக்கு வயது 56. வரிசையில் நின்ற ஜனம் சிரித்தது.

தம்பி அந்தோணி போன். "சாப்டியாக்கா?" சாப்பிட்டேன். "குளிரா?" ஆமாம். "சரிக்கா." வைத்துவிட்டான். போனைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும்.

வாங்க: தீப்பெட்டி, சோப்பு, ரிமோட் பேட்டரி.

நவ. 9, ஞாயிறு

ஜெபம். துணி துவைத்தது காயவில்லை. 2 மணிக்கு வெ.அம்மா, முந்தானையில் அவித்த கிழங்கு சூடாக.

வழக்கம்போல இருவரும் மாமியாரைத் திட்டினோம். அவர் என்னைவிட நன்றாகத் திட்டுவார். ஆனால் வியாழக்கிழமைப் பகுதியில் ஒன்று. மாமியார் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். வெ.அம்மா சொன்னார்: "இப்பப் பாருங்க, டம்ளரக் கீழ போட்ருவா." போட்டாள்.

எப்படித் தெரியும் என்றேன். "சும்மா தோணுச்சுங்க." உடனே காபி கேட்டார். காபி கேட்டு வாங்கிக் குடிக்கிறவர் இல்லை அவர்.

நவ. 11, செவ்வாய்

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வெ.அம்மாவின் மருமகள், குழந்தைக்குக் காய்ச்சல். சிரப்பின் அளவு சொல்லிக் கொடுத்துவிட்டு, மாமியார் எப்படி என்று கேட்டேன். "அத்தைக்கென்னங்க, ஏழரை ஆனா டிவி முன்னாடி உக்காந்துக்குவாங்க. வூடே இடிஞ்சாலும் நவுர மாட்டாங்க."

எந்த டிவி?

"எங்கூட்டு டிவிதாங்க. அவரு டிஷ் வெச்சு ஒன்றர வருசமாச்சுங்களே. எங்கத்த சொல்லலீங்களா?" பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஆனா மட்டும், மருந்தம்மா ஒண்டியா இருக்குமில்ல, போய்ட்டு வாரேன்னு கெளம்பிருவாங்க."

சிரப் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மருந்துச் சீட்டை வாங்கினேன்.

ஒன்றரை வருடம். நான் அவருக்குத் துணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். பார்த்த கதையை உட்கார்ந்து மறுபடி பார்த்திருக்கிறார், நோயாளியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வருவதுபோல. நானோ பெரிய தர்மம் செய்கிறவளாகக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு.

அவமானம். வேறு வார்த்தை இல்லை.

நவ. 12, புதன்

நானே கம்பெனிக்குப் போன் செய்தேன். குளியலறை ஜன்னல் ஓரம் நின்றுதான். பழையதை எடுத்துக்கொண்டு போகட்டும், புதியதே மாட்டுங்கள். எதற்கும் யோசிக்கிறவள் நான். இதற்கு ஒரு நிமிடம் ஆகவில்லை.

7.30க்குச் சிவப்பு விளக்கு. திங்கள், செவ்வாய் பதிந்தது இருக்கிறதே, தனியாகவே பார்த்துவிடலாம் என்று போட்டேன். டைட்டில் பாட்டு ஓடியது. பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அணைத்துவிட்டேன். சாப்பிடவில்லை.

நவ. 14, வெள்ளி

கனமழை. டிஷ்காரர் வரவில்லை. போனில்: "அடிவாரத்துல, காரவள்ளில நிக்கிறேனுங்க மேடம். ரோட்டுல மரம் உழுந்துருச்சாம், பஸ்ஸே மேல ஏறல. நாளைக்கு வாரேனுங்க." மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்து இந்தப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போக அவருக்கு என்ன தலையெழுத்து.

வேண்டாம் என்று சொல்லிவிட இன்னும் ஓர் இரவு இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

நவ. 15, சனி

11 மணிக்கு வந்தார். அரை மணி நேர வேலை. புதிய பெட்டி சோப்பு டப்பா அளவு. பழையதைக் கழற்றியபோது அடியில் பல வருடத் தூசி, ஒரு ஹேர்பின், செத்த பல்லி.

"இதுல எதாச்சும் பதிஞ்சு வெச்சிருக்கீங்களாங்க மேடம்? போனா போனதுதானுங்க." இந்த வாரத்துக் கதை என்றேன். "நெட்ல பாத்துக்கலாமுங்க" என்றார் அவரும்.

பையில் போட்டுக்கொண்டு போனார். ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றேன்.

7.30. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நேரடியாகவே பார்க்கலாம் என்று டிவியைப் போட்டேன். மழை. 'சிக்னல் இல்லை.' எந்த விளக்கும் எரியவில்லை.

நவ. 16, ஞாயிறு

2 மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஊறின கதவு, அவரே தோளால் இடித்துத் திறந்துவிட்டார். கையில் கிழங்கு.

உட்காரச் சொல்லவில்லை. பெட்டி போய்விட்டது, பதிவு எதுவும் இல்லை, இனி ஞாயிற்றுக்கிழமை இந்த வேலை கிடையாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க வீட்டிலதான் டிவி இருக்கே. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு யாரும் மெனக்கெட்டு வர வேண்டாம்" என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கிழங்கை மேஜையில் வைத்தார்.

"ஆமாங்க. மவன் டிஷ் வெச்சான். சொன்னா, அப்பறம் எதுக்கு வாரீங்கன்னு கேட்டுப்போடுவீங்களேன்னு சொல்லல."

கிழங்கின் மேல் ஒரு தட்டை எடுத்து மூடினேன்.

"எங்கூட்டுல ஆறு பேரு உக்காந்து பாக்கறோமுங்க. ஒருத்தரும் ஒரு வார்த்த பேச மாட்டாங்க. நான் அந்த மாமியாகாரியத் திட்டுனா, மருமவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா, அவளச் சொல்றேன்னு. வாரம் பூரா அடக்கி வெச்சுக்கிட்டு இங்க வந்துதாங்க திட்டறேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினேன். அடங்கவில்லை. பிறகு அது அழுகையாகிவிட்டது. அவர் பார்க்காதவர் மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஆஃபில் இருந்தது.

"நீங்க இந்த வாரம் பாக்கலீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒரு நாளும்?"

ஒரு நாளும்.

நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "திங்கக்கெழம என்னாச்சுன்னா…"

மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். வக்கீல் வரும்போது எழுந்து நின்று நடந்து காட்டினார். விளம்பரம் இல்லை. நானும் திட்டினேன், அவரும் திட்டினார். காபி இரண்டு தடவை. ஐந்தரைக்கு மூட்டம் இறங்கிவிட்டது, பஸ் ஹாரன். புதன்கிழமை வரைதான் ஆகியிருந்தது. கதையில் மருமகள் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"மிச்சம் அடுத்த வாரம் சொல்றேன். அந்தச் சிஸ்டரம்மாகிட்ட கேட்டுப்போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

நவ. 17, திங்கள்

வெயில். துணி காய்ந்தது. பிரஷர் மாத்திரை ஸ்டாக் சரி. சாந்தி சிஸ்டர், "மேடம், வியாழக்கெழம பாத்தீங்களா, அந்த மருமக வாசல்ல…" என்று ஆரம்பித்தார். காதைப் பொத்திக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன்.

7.30. சிக்னல் நன்றாக இருக்கும். டிவியைப் போடவில்லை.