எதிர்க்கரைக்குப் போன தகட்டு மீன்

திருச்செங்கோடு
10-2-1985

அன்பு மகன் அர்த்தநாரிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை சிவகாமியும் மலைமேல் இருக்கிறவன் தயவில் இங்கே நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறோம். ஏரியே கல்லாக உறைந்து கிடக்கிறது, அதன்மேல் ஆட்கள் நடந்துபோகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. தண்ணி எங்காச்சும் கல்லாவுமா, அவன் கதை உடறானுங்க என்கிறாள். நான் நம்புகிறேன், ஆனால் யார் நடந்தாலும் நீ அதன்மேல் நடக்காதே சாமி.

நீ கொடுத்தனுப்பிய பெட்டியை உன் அஸ்தம்பட்டி சிநேகிதர் பொங்கல் கழிந்ததும் நேரிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உறையைப் பார்த்து அம்மா குடை என்றாள். பிரித்தால் இரண்டு துண்டாகத் தூண்டில் தடி, தூண்டில் நரம்பு சுற்றிய ஒரு ரீல், இரைக்குப் பதிலாகக் கட்டுகிற பொய் மீன்கள் டப்பா நிறைய. உங்கள் ஊர் பாஸ் மீனுக்கு எந்தத் தடி சரிப்படும் என்று கடையில் அரை நாள் நின்று, ஒவ்வொன்றாக அடியைப் பிடித்து ஆட்டி, நுனி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்து வாங்கினதாக எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். உன் பெரியப்பா மூங்கில் பார்ப்பது அப்படியேதான். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எழுபதாம் வருஷம் வாக்கில் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் மோகனூர் போய் மூங்கில் வாங்குவோம். அவர் இடக்கையால் ஒரு கழியை எடுத்து ஆட்டுவார், காதருகே வைத்துத் தட்டுவார், வேண்டாம் என்று வைப்பார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஏனுங்க கவுண்டரே, பொண்ணு பாக்க வந்தீங்களா மூங்கில் வாங்க வந்தீங்களா என்று கேட்டேவிட்டார். அன்றைக்கு ஊர் வந்து சேரும்வரை நாங்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்படி எடுத்த கழிதான் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் பெரியப்பாவைக் கூப்பிட்டாகிவிட்டதா என்று கேட்கிறாய். சிவகாமி கல்யாணம் பங்குனியில். பத்திரிகை அச்சடித்து வந்து, முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்தோம். இரண்டாவது என் அண்ணனுக்குத்தான் போக வேண்டும், அதுவும் நான் நேரில் போய் வெற்றிலை பாக்கோடு கொடுக்க வேண்டும். அது போகாமல் மற்றவர்களுக்குக் கொடுக்க அம்மா விடவில்லை. கட்டு அப்படியே சாமி அறையில் கிடந்தது. சிவகாமி என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அம்மாவிடம் மட்டும், பெரீப்பா வரலீன்னா நான் மணவறையில ஒக்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். உனக்கும் லீவு இல்லை என்கிறார்கள். அண்ணனும் இல்லாமல், பெரியப்பாவும் இல்லாமல் அந்தப் பெண் எப்படி உட்காரும்.

சண்டை நடந்தபோது நீ கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருந்தாய், அம்மா சொன்ன பாதிதான் உனக்குத் தெரியும். நம் வீட்டு வாசலில் ஆழ்குழாய் துளை போடுகிற நம் ரிக் லாரி நிற்க, பெரியப்பா தன் தோட்டத்தில் போர் போட வெளியூர் ரிக்கைக் கூப்பிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும். அந்தக் குழியில் பாறைத்தூள் புகைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. நான் வேலியோரம் நின்று, தம்பியக் கூப்புட்டிருந்தா தண்ணியும் வந்திருக்கும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அதற்கு அவர், இனி என்ற வாசப்படிய மிதிக்காதே என்றார். நானும் மிதிக்கவில்லை, ஆறு வருஷம் ஓடிவிட்டது. அவர் தப்பா என் தப்பா என்று இன்றைக்கும் நான் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் ஏரிக்குப் போவோம், அவர் மதகுக் கல்லில், நான் எதிர்க்கரை வேலமரத்தடியில். அங்கே ஏரி குறுகலாக இருக்கும், அவர் இருமினால் எனக்குக் கேட்கும். அவர் வராத வாரம் எனக்கு மீன் பிடிக்க மனசே வராது, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். இதை அம்மாவிடம் சொன்னதில்லை.

ரீல் பழகக் கொஞ்சம் திண்டாடிப்போனேன். கம்பி வளையத்தைத் திறந்து, நரம்பை விரலில் தாங்கி, வீசும்போது விட வேண்டும் என்று எழுதியிருந்தாய், எப்போது விடுவது என்று எழுதவில்லையே. முதல் வீச்சு வேலமரத்தில் போய் மாட்டியது, இரண்டாவது என் வேட்டியில். ரீலின் முன்பக்கத் திருகை லாரி நட்டு மாதிரி இறுக்கி வைத்ததில் ஒரு நல்ல மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. அப்புறம் தளர்த்தினேன், இப்போது மீன் இழுத்தால் ரீல் கிர்ரென்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, எனக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. தடி நல்ல தடி. ரிக் லீவரில் கை வைத்தால் கீழே பாறையா மண்ணா என்று தெரியுமே, அதுபோல இதில் பொய் மீன் ஏரித் தரையைத் தொடுவதுகூடக் கைக்குத் தெரிகிறது. ரப்பர் புழுவை நம்மூர் மீன் திரும்பியும் பார்க்கவில்லை. ரப்பர் தவளைக்கு விரால் எகிறிக்கொண்டு வந்தது, நான் அவசரப்பட்டு வெட்டியிழுத்து விட்டுவிட்டேன், அது வாயை மூடித் திரும்புகிறவரை பொறுக்க வேண்டும். மர மீனில் மூன்று முள்ளும் தாமரைக் கொடியிலேயே மாட்டுவதால் இரண்டு முள்ளைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லாவற்றிலும் எனக்குத் தோதாக இருந்தது அந்த வெள்ளித் தகட்டு மீன்தான். கனமாக இருப்பதால் வெகுதூரம் போகிறது.

அந்தத் தூரம்தான் வினையாகிவிட்டது. போன மாதக் கடைசி ஞாயிறு காலை, கொஞ்சம் வீம்பாகவே, அண்ணன் பார்க்கட்டும் என்று முழுக் கையையும் வீசினேன். காற்று வேறு சேர்ந்துகொண்டது. தகடு ஏரியின் குறுக்கே பறந்து அவருடைய தக்கைக்கும் அந்தப் பக்கம் போய் விழுந்தது. பதறிச் சுற்றினேன், அவர் நரம்போடு பின்னிக்கொண்டது. அவர் எழுந்து தன் கழியைத் தூக்கினார், இரண்டு நரம்பும் சிக்கலாக மேலே வந்தது. தகட்டைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பல்லால் கடித்து அறுத்துத் தண்ணீரில் எறியப் போகிறார், மகன் அனுப்பியதும் போச்சு, மிச்சமிருந்த உறவும் போச்சு என்று நின்றேன். அவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதோ செய்தார். எழுந்து, ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தையாக, சுத்துடா ராசு என்றார்.

சுற்றினேன். தடி வில்லாக வளைந்தது, திருகு கிர்ரென்று கத்தியது. கரைக்கு இழுத்துப் பார்த்தால் முழங்கை நீளத்துக்கு உயிர் விரால். தகட்டைக் காணவில்லை. விராலைச் செவுளில் பனைநார் கோத்து, நார் முனையை என் நரம்பில் முடிந்து அனுப்பியிருக்கிறார். முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இந்த ஊரில் அப்படி முடிகிற கை ஒன்றுதான். நான் அழுதேன் சாமி, வேலமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிமிர்ந்தபோது அவர் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வெற்றிலை பாக்கு, பத்திரிகை, உன் தடி எல்லாம் எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போய்ப் படிக்கு வெளியிலேயே நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குக் கூப்புட வந்தயா, தகட்டத் திருப்பிக் கேக்க வந்தயா என்றார். இரண்டுக்கும்தான் அண்ணா என்றேன். உள்ள வாடா, அந்தப் புள்ளைக்கு நா முன்னால நிக்காம எவன் நிப்பான் என்றார். காபி குடிக்கும்போது அவராகவே சொன்னார், உன்ற ரிக்கக் கூப்புட்டிருந்தா நீ காசு வாங்கியிருக்க மாட்டே, தம்பி ஒழைப்ப ஓசியில வாங்கக் கூடாதுன்னுதான் வெளியாளக் கூப்புட்டேன் என்றார். இந்த ஒரு வார்த்தை ஆறு வருஷமாக அவர் வாயில் இருந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தேன். தகட்டைத் தரவில்லை. மீனு குடுத்துத்தான வாங்கினேன் என்கிறார்.

அன்றைக்கே பத்திரிகைக் கட்டைப் பிரித்தாகிவிட்டது, கெங்கவல்லிப் பக்கத்துச் சொந்தங்களிலிருந்து அம்மா ஆரம்பித்திருக்கிறாள். சிவகாமி பழையபடி என்னிடம் பேசுகிறாள். உனக்கு லீவு கிடைக்காவிட்டால் மனசு சங்கடப்படாதே, பெரியப்பா இருக்கிறார். நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மாதம் ஒரு கடிதமாவது போடு.

ஒன்று நினைவு வைத்துக்கொள். ரீல் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம் என்று எழுதியிருந்தாய் அல்லவா, இடக்கைக்காரருக்குத் தோதாக இப்போது அதை வலப்பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன். தடி அவர் வீட்டில்தான் இருக்கிறது, எங்கள் மூங்கில் கழி இரண்டும் பரணில் ஏறிவிட்டன. ஞாயிறு வந்தால் இப்போது மதகுக் கல்லில் அவர் பக்கத்தில் உட்காருகிறேன், அவர் வீசுகிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தடி இல்லையே என்று நீ இன்னொன்று வாங்கி அனுப்பிவிடாதே. இரண்டு இருந்தால் மறுபடியும் ஆளுக்கொரு கரைக்குப் போய்விடுவோம். ஒன்றே இருக்கட்டும், கை வலித்தால் என்னிடம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா
செ. ராசப்பன்