பல் டாக்டரின் ஏரி

மார்ச் 2, சனி

இன்றைய படம் பல் டாக்டருடையது. எங்கள் தூண்டில் குழுவில் சனிக்கிழமைதோறும் ஒருவர் மலை ஏரிப் படம் போடுவார், பெயர் சொல்லமாட்டார். எந்த ஏரி என்று கண்டுபிடித்தவன் படக்காரருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். சரியாக இருந்தால், மீன்பிடி சீசன் திறக்கும் நாளில் அவனை அங்கே கூட்டிப்போயாக வேண்டும்.

டாக்டர் மூன்று வருஷமாக இதே ஏரியைப் போடுகிறார். ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. ஒரு கையில் முழங்கை நீள மீன், முகத்தில் இளிப்பு, பக்கத்துப் பாறையில் தூண்டில். பின்னால் மலைமுகடு, வலது ஓரத்தில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏரி என்ன இவர் வீட்டு பீரோவா, பூட்டி வைக்க? எழுதிவிட்டேன்: “சீசனுக்குள்ள கண்டுபிடிக்கிறேன். இல்லன்னா வருஷம் முழுக்க எல்லார் மீனையும் நானே சுத்தம் பண்ணித் தரேன்.”

குழுவில் இருக்கும் பேக்கரிக்காரர் உடனே: “தம்பி, செதில் நகத்துல பூந்துக்கும். இப்பவே வெட்டிக்கோ.”

மார்ச் 5

சாலை வடிவமைப்பு அலுவலகத்தில் என் வேலையே மேடு பள்ளம் அளப்பதுதான். இதெல்லாம் ஒரு விஷயமா? படத்தின் முகட்டுக் கோட்டை மலைகளின் உயரத் தரவோடு ஒப்பிட ஒரு புரோகிராம் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில்தான். மேலாளர் கேட்டால் அப்படித்தான்.

மார்ச் 9

பொருந்தவில்லை. ஒரு ஏரிகூட.

மார்ச் 16

பொறுமை போய், வாய்க்கு வந்த ஏரியை டாக்டருக்கு அனுப்பினேன். “இல்ல தம்பி.” கூடவே பல்லைக் காட்டும் சிரிப்புப் பொம்மை.

அக்கா பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். “பழகிக்கோடா.”

மார்ச் 21

கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. ஊரில் வேறு பல் டாக்டரே இல்லையா? இருக்கிறார். அடுத்த மாதம் வரச் சொல்கிறார். தலையெழுத்து — நாளைக்கு எங்கள் குழு டாக்டரிடம்தான்.

மார்ச் 22

கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!

ஒழுங்காக எழுதுகிறேன். நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சைத் திணித்துவிட்டுக் கேட்கிறார்: “கத்தி தீட்டியாச்சா தம்பி?” பதில் சொல்ல முடியுமா? அவர் கையையே முறைத்தேன். வலது கையில் டிரில். கடிகாரம் இடது மணிக்கட்டில். படத்தில் — வலது மணிக்கட்டில் அல்லவா இருந்தது? தூண்டில் நூலைச் சுற்றும் ரீலின் கைப்பிடியும்! ஆற்றங்கரையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இடது கையால்தான் சுற்றுவார். படத்தில் கைப்பிடி வலப்பக்கம்.

செல்ஃபி! தனியாகப் போகிற மனுஷனுக்கு யார் படம் எடுத்துக் கொடுப்பார்கள்? கேமரா கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிச் சேமித்திருக்கிறது. அது அவருக்கே தெரியாது. நானோ மலையை அளந்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

“ஆஆ! ஆஆ!” என்றேன்.

“வலிக்குதா?” என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து படத்தைத் திருப்பிப் போட்டுப் புரோகிராமை ஓட்டினேன். ஒரே ஓர் ஏரி, அச்சு அசலாகப் பொருந்தியது. வரைபடத்தில் பெயர்கூட இல்லை. இடத்தைக் குறித்து அனுப்பினேன்.

“எப்படிடா?” தம்பி போய் டா வந்துவிட்டது! குழுவிலும் எழுதினார்: “கண்டுபிடிச்சுட்டான்.”

பேக்கரிக்காரர்: “எங்கன்னு சொல்லித் தொலைங்கய்யா!”

நாரை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கையாலும், மரியாதையாக.

ஏப்ரல் 6, சனி

சீசன் திறந்தது. ஏரி நினைத்ததைவிடச் சின்னது. முகட்டின் இடைவெளி இடது ஓரத்தில், நான் திருப்பிப் போட்ட படத்தில் இருந்த மாதிரியே.

முழங்கையைத் தாண்டும் மீன் ஒன்று மாட்டியது. கத்தியை எடுத்தேன், டாக்டர் பிடுங்கிக்கொண்டார். “உக்காருடா. குடையறது என் தொழில்.”

இன்று படம் போடுவது என் முறை. மீனை ஒரு கையில் தூக்கி நானே செல்ஃபி எடுத்துப் போட்டேன்.

“அதே மலை! எங்கப்பா அது?” — பேக்கரிக்காரர். “ஒரு துப்பு குடு, ரெண்டு பன் தரேன்.”

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பல்லைக் காட்டும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

படத்தைத் திருப்பிச் சரியாகப் போட்டிருக்கலாம். போடவில்லை.