சீட்டு ஒட்டாத குழாய்கள்

வாயாடிக்கு,

நான் நலம். நீ மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா? போனில் "ம்" மட்டும்தான் சொல்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நான் பழ ஈக்கள் வளர்க்கும் இரண்டு அறைகளில் ஒன்றுக்குக் கனமான ஈயச் சுவர் என்று சொல்லியிருக்கிறேன். மண்ணிலும் கல்லிலும் வானத்திலும் இருந்து எந்நேரமும் வரும் கதிர்வீச்சை அது பெருமளவு தடுத்துவிடும். அங்கே பிறக்கும் ஈக்களில் மரபு மாற்றம் குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

குழந்தை தங்கவில்லை என்று நீ சொன்ன அன்று, ஈக்கள் இருந்த குழாய்களில் அறை எண் சீட்டு ஒட்டாமலே கொடுத்துவிட்டேன். விஞ்ஞானி அம்மா மரபு மாறிய ஈக்களை எண்ணி முடித்தும் எது எந்த அறை என்று தெரியவில்லை. அவர் திட்டவில்லை.

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத்தான்பா இருக்கு. உயிர் தன்னைப் பிரதி எடுக்கும்போது தானா வர்ற பிழைதான் அதிகம். அப்படிப்பட்ட பிழைங்க சேர்ந்து சேர்ந்துதான் நாமளே வந்தோம்" என்றார்.

குழந்தை தங்காததற்கு என் வேலைதான் காரணம் என்கிறார்கள் வீட்டில் அம்மா. மாடிப்படி ஏறியதுதான் என்கிறாய் நீ. கரு உருவாகும்போதே பிழை என்றுதானே டாக்டரும் சொன்னார்? யார்மேலும் தப்பில்லை.

மதியம் ஈயச் சுவர் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்கே சத்தமே இருக்காது.

பார்சலில் இரண்டு பனியன், நகவெட்டி வை. ஈக்களுக்குத் தீனி மாற்றும் நேரமாகிவிட்டது. அந்த ஸ்கேன் படத்தையும் மடிக்காமல் வை. நான் இன்னும் பார்க்கவே இல்லை.

உன்
ஈக்காரன்