ஆயிரத்து இருநூறாவது காலடி

ஜூன் 3, செவ்வாய்

இன்று நாற்பத்தொரு பானை ஓடுகள் கழுவினேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து, நிழலில் உலர்த்தி, உள்பக்கம் கறுப்பு மையால் எண் எழுத வேண்டும். என் எழுத்து பொடிப்பொடியாக இருப்பதால்தான் அகழாய்வில் இந்த வேலை கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரலே வராது. எட்டாவதோடு நின்றுவிட்டேன். இங்கே யாரும் வாசிக்கச் சொல்வதில்லை.

குழி தோண்டும் ஆட்களின் மேஸ்திரி எனக்கு 'வாயாடி' என்று பேர் வைத்திருக்கிறார். "வாயாடி, இன்னைக்கு மொத்தம் எத்தனை வார்த்தை பேசின? ரெண்டா? நேத்தைவிட ஒண்ணு கூட!" சிரித்தேன். சிரிப்பையும் சேர்த்து மூன்று என்றார்.

ஜூன் 5, வியாழன்

மழை. எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் ஒண்டிக்கொண்டோம். பேராசிரியர் மேடம், தான் தேடுகிற ஊரைப் பற்றி ஒரு பழைய வேதச் சுவடியில் வரும் பகுதியை வாசித்துக் காட்டினார். ஏழு வரிதான். அந்த ஊர் ஒரு பட்டப்பகலில் ஆட்களோடு மண்ணுக்குள் போய்விட்டது. பாறை ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன ஒரு பெண் மட்டும் மிஞ்சினாள். ஆயிரத்து இருநூறு காலடி நடந்து திரும்பி வந்தால் வீடும் இல்லை, வாசலும் இல்லை. குடத்தை இறக்கி வைத்தாள். ஊருக்கே 'குடம் இறக்கிய இடம்' என்று பேராகிவிட்டது. கடைசி வரி மட்டும் மனதில் அப்படியே நிற்கிறது: கீழே திரிகை ஓயவில்லை, மாவு தண்ணீருக்குக் காத்திருக்கிறது.

"ஊத்து இதேதான், சந்தேகமே இல்லை," என்றார் மேடம். "அங்கேருந்து மேற்கே ஆயிரத்து இருநூறு காலடி நானே எண்ணி நடந்தேன். நேரா இந்த மேட்டுக்குத்தான் வருது."

அந்தக் கணக்கு தப்பு. மேடம் நெடுநெடுவென்று உயரம். நடந்ததும் வெறுங்கையோடு. அந்தப் பெண் இடுப்பில் நிறைகுடத்தோடு அல்லவா வந்தாள்? குடம் இருந்தால் எடுத்து வைக்கும் எட்டு சுருங்கும். எனக்குத் தெரியும். தினமும் நான் தண்ணீர் எடுப்பது அதே ஊற்றில்தான், திரும்புவதும் அதே மேற்கு வழியில்தான். வழியில் யார் முகத்தையும் பார்க்காமலிருக்க, குனிந்து காலடியை எண்ணிக்கொண்டே வருவேன். இரண்டு வருடமாக, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல், எங்கள் வாசற்படி ஆயிரத்து இருநூறு.

அப்புறம் அந்தத் திரிகை — பின்னறையில் என் கட்டிலை ஒட்டின சுவரில் காதை வைத்தால் கல் சுற்றும் சத்தம் கேட்கும். எல்லார் வீட்டுச் சுவரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மேஸ்திரியிடம் நானாகவே ஒரு கேள்வி கேட்டேன். இடம் கிடைத்துவிட்டால் என்ன செய்வார்கள்?

"வேலி போடுவாங்க. மேல வீடு இருந்தா காலி பண்ணிட்டு தோண்டுவாங்க. ஏன் வாயாடி, உங்க வீட்டு அடுப்படியில புதையல் இருக்கா?"

சொல்ல மாட்டேன். அந்த வீட்டை அப்பா தன் கையால் கட்டினார். இப்போது கால் விழுந்து ஜன்னலோரம் படுத்திருக்கிறார். எந்தச் சுவரை எந்த மாதம் எழுப்பினார் என்று கேட்டால் இன்றைக்கும் தப்பாமல் சொல்வார்.

ஜூன் 9, திங்கள்

சத்தம் வேகமாகிவிட்டது. சுவரில் காது வைக்காமலே கேட்கிறது. மதியம்கூட.

ஜூன் 12, வியாழன்

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, பின்னறைச் சுவத்துல..." என்றுதான் ஆரம்பித்தேன்.

"அப்பா காதுல போடாதே," என்றாள், கையை நிறுத்தாமல். "குடிவந்த நாள்லேருந்து நானும் கேக்குறேன். சொன்னா பைத்தியம்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன். நீயும் மூடிக்க. உனக்கு என்ன, பழக்கம்தானே."

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே அவளே சொன்னாள். "குடத்தை இறக்கி வைக்கும்போது மட்டும் நிக்கும். கவனிச்சியா?"

கவனித்திருக்கிறேன். குடம் தரையைத் தொட்டதும் நிற்கும். பிறகு, எதுவும் வராது என்று தெரிந்துகொண்டதைப்போல, மெதுவாக மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.

ஜூன் 16, திங்கள்

மேட்டில் கன்னி மண் வந்துவிட்டது. அதாவது மனுஷக் கை படாத மண். அதற்குக் கீழே தோண்டப் பிரயோஜனமில்லை. மேலே கிடைத்த ஓடுகளெல்லாம் ரொம்பப் பிற்காலத்தவையாம். மேடம் குழிக்குள் இறங்கி, ஏறி வர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத் தேடல். வெள்ளிக்கிழமை மூட்டை கட்டுகிறார்கள்.

நல்லது. வீடு தப்பித்தது. ஏன் எனக்குச் சந்தோஷமாக இல்லை?

ஜூன் 17, செவ்வாய்

காலையில் குடத்தை இறக்கினேன். திரிகை நின்றது. இந்தத் தடவை வேறொரு சத்தம் — தரையைக் கீழ்ப்பக்கமிருந்து யாரோ உள்ளங்கையால் தடவிப் பார்க்கிற மாதிரி. ஒரு கை இல்லை. நிறைய.

இத்தனை வருஷமா தினமும் அவங்க தலைக்கு மேல தண்ணியைக் கொண்டுவந்து வச்சிருக்கேன். வச்சு, மூடி போட்டு, நாங்க குடிச்சிருக்கோம்.

ஒரு டம்ளர் தரையில் ஊற்றினேன். சிமென்ட் தரை. தண்ணீர் வழிந்து வாசல் பக்கம் ஓடியது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.

ஜூன் 18, புதன்

எண் எழுதுகிற சீட்டில் ஒரு வரி எழுதி மேடத்தின் மேசையில் வைத்தேன்: 'அவள் குடத்தோடு நடந்தாள்.' பேர் போடவில்லை.

ஜூன் 19, வியாழன்

பேர் எதற்கு? எழுத்தைப் பார்த்ததுமே மேடம் நேராக என்னிடம் வந்துவிட்டார். "நீயே நட. சத்தமா எண்ணு, எனக்குக் கேக்கணும்."

ஊற்றடியில் எல்லோரும் கூடி நின்றார்கள். நிறைகுடம் இடுப்பில். வாயைத் திறந்தும் குரல் வரவில்லை. "வழி விடுங்கப்பா," என்றார் மேஸ்திரி. "வாயாடி ஒரு வருஷப் பேச்சை இன்னைக்கே பேசித் தீக்கப்போறா." சிரிப்பு வந்தது. சிரிப்போடு 'ஒன்று' வந்தது.

தொள்ளாயிரத்துப் பத்தில் தையல்கடை. ஆயிரத்து நூறில் எங்கள் வீடு தெரிந்தது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். புரிந்துகொண்டுவிட்டாள். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். ஜன்னலில் அப்பா. அவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் தெருவே கேட்கிற மாதிரி எண்ணிக்கொண்டு வருகிறாளே என்று முகமெல்லாம் சிரிப்பு.

எட்டை அகலமாக வைத்தால் வீட்டைத் தாண்டிப் போய்விடலாம். யாருக்குத் தெரியும்? வைத்தேன். நாலைந்து எட்டு அகலமாக வைத்தேன். அப்போது காலுக்குக் கீழே திரிகை நின்றது. குடத்தை நான் இன்னும் இறக்கவே இல்லை. தெரு முழுக்க, மண்ணுக்கு அடியில், மூச்சை அடக்கிக்கொண்டு கேட்கிற அமைதி. என் காலடியை அவங்களும் எண்ணுறாங்க.

என்னால முடியல. எட்டைச் சுருக்கி, கூட வைத்ததற்குக் குறைத்து வைத்து, சரியாகப் படியில் ஆயிரத்து இருநூறு. குடத்தை இறக்கினேன்.

அம்மா உள்ளே போய்விட்டாள். மேடம் படியில் உட்கார்ந்து அழுதார். "என்னடி, என்னடி?" என்று அப்பா ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஜூலை 30, புதன்

வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தாயிற்று. இப்போது மூன்றாவது மாடி. வீட்டுக்குள்ளேயே குழாய். சுவரில் சத்தமில்லை. அப்பா அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறார். என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எங்கள் பழைய வீட்டின் பின்னறைத் தரைக்குக் கீழே, ஒரு ஆள் ஆழத்தில் ஒரு அறை கிடைத்தது. சுவரோரம் மூன்று திரிகைகள், அகல வாய்த் தாழி ஒன்று. ஒரு எலும்புகூட இல்லை. "அப்ப ஆளுங்க எங்கே போனாங்க?" என்று மேடம் யாரிடமோ போனில் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரிகையின் மேல்கல்லை எண் எழுத என் மேசையில் வைத்தார்கள். தொட்டேன். சூடு. அரைத்து நிறுத்தின கையோடு எடுத்த மாதிரி.

"வெயில்ல வச்சிருந்தீங்களா?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

கேலி செய்யவில்லை. "இப்பத்தான் மண்ணுக்குள்ளேருந்து எடுத்தோம். நானும் தொட்டேன். மேடம்கிட்ட சொல்லாதே."

எண் எழுதினேன். மை உடனே காய்ந்துவிட்டது.

சாயங்காலம் அம்மாவிடம் குடம் கேட்டேன். குழாய்தான் இருக்கிறதே என்று அவள் சொல்லவில்லை. பரணிலிருந்து இறக்கிக் கழுவிக் கொடுத்தாள். ஊற்றில் நிரப்பிக்கொண்டுபோய்த் தாழிக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

குடம் காலி. சுற்றிலும் மண் உலர்ந்தே இருந்தது. குடத்தின் கழுத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக, மாவு படிந்த விரல் தடங்கள். பெரியவை, சின்னவை, ரொம்பச் சின்னவை. மேடம் வருவதற்குள் கழுவிவிட்டேன்.

எத்தனை பேர் என்று தெரியவில்லை. நாளைக்கு இரண்டு நடை போக வேண்டும்.