துணை கேட்கும் கன்னி

4-5-1963, சனி

சிட்டு,

உன்னை இந்தப் பெயரில் கூப்பிட எனக்கு இந்த நோட்டு ஒன்றுதான் மிச்சம். வாய்விட்டுச் சொன்னால் பெரியவர், உன் மூத்த அண்ணன், முறைப்பார். இப்போது நீ சிட்டு இல்லை, ராமுத்தாய் இல்லை, என் வீட்டுக்காரரின் தங்கச்சியும் இல்லை. கல்யாணமாகாமல் செத்துப்போன கன்னித்தெய்வம். உள்வீட்டில் ஓலைப்பெட்டிக்குள் இருக்கிறாய். வருஷம் ஒரு சேலை உனக்கு. நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே.

இன்று அக்கினி நட்சத்திரம் தொடக்கம். கிணற்றில் அடிப்பாறை தெரிகிறது. இருக்கிற தண்ணீரையும் இறைக்க முடியாமல் ஆயில் எஞ்சின் நின்றுபோனது. கத்தரிச்செடி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. பெரியவர் ஆள் அனுப்பி நாகல் நகரிலிருந்து ஒரு மெக்கானிக் பையனை வரவழைத்தார். வேதக்காரப் பையன், மாதா கோயில்காரன். ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர். பெரியவர் மகன் கண்ணுசாமிக்கு அது வாயில் நுழையவில்லை. "ஏலே தாசு" என்று கூப்பிட்டான். "தாசு இல்லண்ணே, தனிசு" என்று கிணற்றுக்குள் இருந்தே கத்தினான் அந்தப் பையன்.

என் மகள் பேச்சி அவனுக்கு நீர்மோர் கொண்டுபோனாள். திரும்பி வரச் செத்த நேரம் ஆனது.

18-5-1963, சனி

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனாலும் அந்தப் பையன் வந்துவிட்டுப் போனான்.

2-6-1963, ஞாயிறு

மத்தியானம் சாப்பிடும்போது கண்ணுசாமி கேட்டான்: "ஏன் சின்னம்மா, நோயாளிதான் எந்திரிச்சு ஓடுதே, வைத்தியன் ஏன் இன்னமும் வாரான்?" கேட்டுவிட்டுச் சிரித்தான். கண் மட்டும் பேச்சி மேலேயே இருந்தது.

சாயங்காலம் காய் பறிக்கும்போது அவளைக் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஏண்டி, அவுக வேதக்காரவுக."

"தெரியும்."

"ஒம் பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"அப்பா இருந்திருந்தா கட்டிக் குடுத்திருப்பாரும்மா."

காய்ச்சலில் போன மனுஷனைப் பற்றி மகள் நல்லதாக நினைக்கிறாள், நினைக்கட்டும். ஆனால் உன் சின்னண்ணன் உனக்கு என்ன செய்தார்? நீ புகையிலை வண்டிக்காரனிடம் பேசினாய் என்று தெரிந்தபோது திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் நீ கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டாய் என்றார்கள். பேச்சி அப்போது என் வயிற்றில். சித்திரை மாசம். கிணற்றில் முழங்கால் தண்ணீர். முழங்கால் தண்ணீரில் ஒருத்தி முங்கிச் செத்தாள் என்று ஊரே நம்பியது. அடுத்த ஆடியில் உன்னைப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

உன் சேலையை வைக்கிறபோது பார்த்தேன், பெட்டிக்குள் ஏற்கனவே ஒரு சிவப்புத் துணி இருந்தது. மக்கிப்போயிருந்தது. அது யார் என்று உன் அம்மா கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

20-6-1963, வியாழன்

பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

டவுனிலிருந்து ஜிலேபி வாங்கி வந்தார். பேச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நல்லாச் சாப்புடு ஆத்தா. எளச்சுப் போயிட்டியே" என்றார். அவளும் சிரித்துக்கொண்டே தின்றாள். உனக்கும் நீ செத்த வாரம்தானே தாடிக்கொம்புத் திருவிழாவுக்குப் போய்க் கை நிறைய வளையல் வாங்கிவந்தார்?

அந்தப் பையனை இனிமேல் தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். பேச்சி வாசல் தாண்டக் கூடாது. கண்ணுசாமி கட்டிலை வாசலிலேயே போட்டுவிட்டான்.

19-7-1963, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பொழுது சாயப் பெட்டியை இறக்கி வைத்தோம். வழக்கம்போல் பெரியவருக்குச் சாமி வந்தது. வருஷா வருஷம் மழை வரும், காய்க்கு விலை வரும் என்பார். இன்று அதெல்லாம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பெண்குரலில் இழுத்தார்:

"தனியா இருக்கேண்டா... எனக்குத் துணை வேணும்... ஒரு கன்னி துணை வேணும்..."

குலவை போடக் கையைத் தூக்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் பேச்சியைப் பார்க்கவில்லை. அதுதான். ஒருத்தர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.

சிட்டு, நீயா அப்படிக் கேட்டாய்? என் பிள்ளையையா கேட்டாய்?

27-7-1963, சனி

பெரியவர் சேலை எடுத்து வந்தார். இரண்டு.

பெட்டிக்கு வாங்குகிற சேலையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, மடிப்புக் கலையாமல் அப்படியே உள்ளே போகவேண்டும். உனக்குத் தெரியாததா? கட்டுகிற சேலை என்றால் உடனே பிரித்து, உடம்பைப் பார், முந்தியைப் பார் என்போம். அவர் கதவுக்கு வெளியே நின்று என்னிடம் நீட்டினார். "ரெண்டையும் பிரிக்காம வையி" என்றார்.

கண்ணுசாமி பின்னால் இருந்து, "ரெண்டா எடுத்தா விலை கொறச்சுத் தாரேன்னான் சின்னம்மா" என்றான்.

ஒன்று சிவப்பு. ஒன்று பச்சை. பச்சை பேச்சிக்குப் பிடித்த நிறம். அது அவருக்கு எப்படித் தெரியும்? ஜிலேபி கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

ஆடிக் கடைசி வெள்ளியில்தான் சேலை பெட்டிக்குள் போகும்.

5-8-1963, திங்கள்

காய் விற்கிற சாக்கில் கூடையோடு நாகல் நகர் போனேன். அந்தப் பையனின் அம்மா செபஸ்தியம்மாளைத் தேடிப் பிடித்தேன். வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் கை நின்றது.

"ஓ, நீங்கதானா அது! எம் மகன் எஞ்சினைக் கழட்டத்தான் போறான்னு நெனச்சேன். தலையைக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கான்" என்றாள். நல்ல மனுஷி. எனக்கு அழுகைதான் வந்தது. எல்லாம் சொன்னேன். சேலை இரண்டு என்றதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவளைக் கூட்டிட்டு வந்துருங்கம்மா. சாமியார்கிட்டச் சொல்லி ஞானஸ்நானம் குடுத்து நானே கட்டி வைக்கிறேன்."

"வாசல்ல ஆள் படுத்திருக்கானே. எப்படிக் கூட்டியாருவேன்? நீங்க மொதல்ல மகனை வெளியூருக்கு அனுப்புங்க."

"சொல்லிப் பாத்துட்டேன். அவ இல்லாமப் போகமாட்டேங்குறான். அறைஞ்சும் பாத்துட்டேன்."

வரும்போது ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். "மருமகளுக்கு" என்றாள்.

10-8-1963, சனி

கிணற்றடியில் பெரியவர் நின்றிருந்தார். நான் குடத்தோடு ஒதுங்கினேன். என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மனசை விட்டுறாத. சாமி கேட்டுருச்சு, நம்ம கையில என்ன இருக்கு? அவளுக்கும் ஒரு கொறையும் வைக்கமாட்டோம். வருசா வருசம் செய்வோம்."

செய்வார்களாம். என் மகளுக்கு. வருசா வருசம்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் முன்னால் நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் பேசினால் அது பேச்சா? அடுப்படிச் சத்தம். இந்த வீட்டில் அவர் யார் பேச்சைக் கேட்பார்? உயிரோடு இருக்கிற எந்தப் பொம்பளை பேச்சையும் கேட்கமாட்டார்.

17-8-1963, சனி

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

பெட்டியை இறக்கினார்கள். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில். பேச்சியைத் தலை முழுக வைத்துக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். உடுக்கை அடிக்க ஆரம்பித்தது. பெரியவருக்குத் தோள் துடிக்கத் தொடங்குவதற்குள் நான் கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

நடிப்பாகத்தான் தொடங்கினேன் சிட்டு. உன்மேல் ஆணை. தலையைச் சுற்று, பல்லைக் கடி, அவர் செய்கிற மாதிரியே செய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம் எங்கேயோ தரை நழுவிவிட்டது. குரல் கேட்டது. என் தொண்டையிலிருந்து வந்தது, என் குரல் இல்லை.

"துணை கேட்டவன் எவன்டா? நானா கேட்டேன்? எனக்கு ஒருத்தியும் வேணாம்! மொழங்காத் தண்ணியில என் தலையை அமுக்கின கை எதுன்னு சொல்லவாண்ணே? சொல்லவா?"

உடுக்கை நின்றது. பெரியவர் முகத்தில் ரத்தம் இல்லை. நீ கூப்பிடுகிற மாதிரி அந்த 'அண்ணே'. நான் அவரை எப்படி அண்ணே என்பேன்?

"பேச்சி மேல ஒரு துரும்பு பட்டாலும் ஒன் வம்சத்துல வெளக்கேத்த ஆளு இருக்காது. சத்தியம் பண்ணு!"

அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே விழுந்தது என் காலில். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "படாது ஆத்தா. பேச்சி மேல ஒரு துரும்பு படாது. சத்தியம்." கண்ணுசாமியையும் தலையைப் பிடித்து அழுத்தி அடிக்க வைத்தார்.

பச்சைச் சேலையை எடுத்து நானே பிரித்துப் பேச்சி மேல் போர்த்தினேனாம். எனக்கு நினைவில்லை. அவள்தான் சொன்னாள்.

20-8-1963, செவ்வாய்

வாசலில் கட்டில் இல்லை. பேச்சி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். பெரியவர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். "ஆத்தா" என்கிறார். கண்ணுசாமி, "சாமி சின்னம்மா, எனக்கு எப்பத்தான் கல்யாணம்னு கேட்டுச் சொல்லு" என்று துண்ணூறுக்குக் கை நீட்டினான். நானும் சிரித்துவிட்டேன்.

சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் செபஸ்தியம்மாளுக்குச் சொல்லி அனுப்பவேண்டும்.

29-8-1963, வியாழன்

அவனைக் கொன்னுட்டாங்கடி.

தண்டவாளத்துல கெடந்திருக்கான். ரயில் அடிச்சிருச்சுன்னு போலீசுல எழுதிட்டாங்களாம். காய் ஏத்திக்கிட்டுப் போன வண்டிக்காரர் வந்து சொன்னாரு. பேச்சி கையில இருந்த முறத்தை விட்டுட்டா. அழுகல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தா. அப்பத்தான் எனக்கு அதுவும் தெரிஞ்சது.

பெரியவர் தலைமுழுகி வந்தாரு. ஈரத் துண்டோட என் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"நான் சத்தியத்தை மீறலை ஆத்தா. பேச்சி மேல ஒரு துரும்பு படல."

ஒரு துரும்பு படல. ஆமா. நான் பேச்சி பேரைத்தான் சொன்னேன். அவன் பேரைச் சொல்லல. அம்புட்டுப் பேர் கூடியிருந்தப்ப, அம்புட்டுப் பேரும் பயந்து நின்னப்ப, இன்னும் ஒரே ஒரு பேர் சொல்லியிருந்தா — தனிசுன்னு — வாயில நுழையாத பேர்கூட இல்லையே.

6-9-1963, வெள்ளி

பேச்சி என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கிறாள்.

2-11-1963, சனி

இன்று வேதக்காரர்களுக்குக் கல்லறைத் திருநாள். விடிந்ததும் பேச்சி அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். வயிறு தெரிகிறது. மறைக்கவில்லை. பெரியவரும் கண்ணுசாமியும் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில்தான் நடந்து போனாள். கண்ணுசாமி ஒரு அடி எடுத்து வைத்தான். பெரியவர், "தொடாதடா" என்றார்.

பஸ் ஏறிப் போய்விட்டாள். கல்லறைக்கு முதலில், அப்புறம் செபஸ்தியம்மாள் வீட்டுக்கு. திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். போகும்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். என்ன பார்வை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

17-3-1964, செவ்வாய்

பொட்டப்பிள்ளை. செபஸ்தியம்மாள் ஆள் அனுப்பியிருந்தாள்.

10-7-1964, வெள்ளி

சிட்டு, இத்தனை நாள் எழுதவில்லை.

இப்போது பெரியவருக்குச் சாமி வருவதில்லை. ஊரே என்னைத்தான் சாமியாடி என்கிறது. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து உட்காருகிறார்கள். பிள்ளை வரம் கேட்கிறார்கள், களவுபோன மாட்டைக் கேட்கிறார்கள். எனக்கு ஒன்றும் வருவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாயில் வந்ததைச் சொல்கிறேன். நம்பிக்கொண்டு போகிறார்கள்.

காலையில் பெரியவர் வந்தார். ஆள் பாதியாகிவிட்டார்.

"அந்தப் பையன் கனாவுல வாரான் ஆத்தா. ஒண்ணுஞ் சொல்லமாட்டேங்குறான், சும்மா நிக்கிறான். தோட்டத்து மூலையில ஒரு கல்லு நட்டு, ஒரு சூடங் காட்டிருவமா? கன்னிகிட்டக் கேட்டுச் சொல்லு."

அவனையும் கும்பிடப் போகிறார்களாம்.

போகத் திரும்பினவர் நின்று, "பேச்சிக்குப் பொட்டப்பிள்ளையாமே" என்றார்.

"ஆமா. அமலராணின்னு பேர் வச்சிருக்காக."

"ம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வளரட்டும்" என்றார்.

வளரட்டும். அவர் அடித்து அணைத்த சூடத்தில் பேச்சி பேர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வெள்ளி ஆடி முதல் வெள்ளி. மறுபடியும் கொண்டையை அவிழ்த்துவிட்டு அவர் முன்னால் நிற்கப் போகிறேன். இந்தத் தடவை பிள்ளை பேரைச் சொல்வேன், பிள்ளைக்குப் பிறக்கப் போகிறதையும் சேர்த்துச் சொல்வேன், செபஸ்தியம்மாள் பேரையும் சொல்வேன். ஒன்றும் விட்டுப்போகாமல் இப்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். அன்றைக்கு என் வாயால் பேசினது நான்தான் என்றால், பாவம் என்னுடையது. சுமந்துகொள்கிறேன். நீதான் என்றால் — எல்லாம் தெரிந்தவள் நீ, இந்த வீட்டு ஆம்பிளைகளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் — நீயுமாடி அவன் பேரைச் சொல்லாமல் விட்டாய்?