நெகட்டிவில் தெரியாத முகம்

பெர்லின், டிசம்பர் 4, 1927

அன்புள்ள லோதார்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய், அதற்கு முதலில் மன்னித்துக்கொள். அப்பா நலம், நானும் நலம், பியூனஸ் அயர்ஸ் வெயில் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டு நீயும் நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷமாகியும் உனக்கென்று நான் தனியாக எழுதியதில்லை, அவர் கடிதத்தின் அடியில் ஒரு வரி அன்பு சேர்ப்பதோடு சரி. உன்னைவிட ஒன்பது வயதே மூத்தவள் தாய் ஸ்தானத்தில் உட்கார்ந்து எழுதக் கூச்சமாய் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அப்பா தன் பட்டறையிலேயே உனக்கு இடம் பேசி வைத்திருப்பதாக எழுதியதை நம்பி, அங்கே வேலையை விட்டுவிட்டு மார்ச்சில் கப்பல் ஏறப்போவதாக நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீ டிக்கெட் வாங்குவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பட்டறையில் உனக்கு இடம் இல்லை, லோதார். அப்பாவுக்கே இல்லை. மே மாதமே நாற்பது பேரோடு அவரையும் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கே இது அக்டோபர் கடைசியில்தான் தெரியும். அதுவரை தினமும் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவார், சாயங்காலம் களைத்து வருவார். சட்டையில் எண்ணெய் வாடை இல்லாததையும் நகக்கண்ணில் கறுப்பு இல்லாததையும் கவனித்தேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. வேறொரு பெண் இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன், இதை எழுத வெட்கமாய் இருக்கிறது. தொழிற்சங்கம் கொடுத்த உதவித் தொகையைத்தான் சம்பளம் என்று என் கையில் கொடுத்திருக்கிறார்.

விஷயம் வெளிவந்தது நான் வேலை செய்யும் படக் கம்பெனியில், அதுவும் என் கையாலேயே. டைரக்டர் வென்ட் நகரத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கிறார், கதை கிடையாது, நடிகர்கள் கிடையாது, சலவைக்காரர் வண்டிக்குள் காமிராவை ஒளித்துவைத்து ஃப்ரீட்ரிஷ் தெருக் கூட்டத்தை வாரக்கணக்காய் எடுத்தார்கள். பாசிடிவ் பிரதி போடச் செலவு அதிகம் என்பதால் நெகட்டிவைப் பார்த்தே துண்டுகளைப் பொறுக்குவது, படச் சுருளை வெட்டி ஒட்டும் எங்கள் அறையின் வழக்கம். நெகட்டிவில் முகம் கரி, தலைமுடி வெள்ளை, யாரையும் அடையாளம் தெரியாது. அலைந்து ஓடும் கூட்டத்துக்கு நடுவில் அசையாமல் நிற்கிற ஓர் ஆளை நான் கண்டேன். வேறு நாள் எடுத்த சுருளிலும் அதே நிற்பு, ஒரு தோள் சற்று இறங்கி. மூன்றாவதிலும். என் டாக்டர் பட்டத்துக்கு நான் எழுதியதே இன்றைய ஓவியர்கள் வரையும் தெருக்களைப் பற்றித்தான், முகமில்லாத மனிதர்கள், சாய்ந்து விழப்போகும் வீடுகள், நெருக்கியடிக்கும் கூட்டத்தில் யாரும் யாருக்கும் இல்லை என்று. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான், படித்ததை அப்படியே நம்பினேன். மூன்று துண்டுகளையும் ஒட்டிக் கொடுத்தேன். டைரக்டர் குதித்தார், "டாக்டரம்மா, இவன்தாம்மா என் படம்!" என்றார். பிரதி போட்டுத் திரையில் ஓட்டியபோதுதான் கரி முகம் வெளுத்து உன் அப்பாவாயிற்று. ஐந்து நாள் என் விரல்களுக்கு இடையில் வைத்திருந்தவரை எனக்குத் தெரியவில்லை. தோளைத் தெரிந்த எனக்கு ஆளைத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மேசையில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு, உங்களைத் திரையில் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார், உனக்குப் பட்டறை இடம் பற்றி எழுதிய பொய் உட்பட. "பையன் வரலாமான்னு கேட்டு எழுதினான், சந்தோஷத்துல கை அதுவா எழுதிடுச்சு கெர்டா" என்றார். நான் அழுதுவிட்டேன், இத்தனை மாதம் அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் தனியாக நின்றீர்களே என்று. அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை! "தனியாவா? யார் சொன்னா? நாங்க பன்னண்டு பேரு!" என்றார். அந்தத் தெருவில் இருக்கும் பத்திரிகை ஆபீஸ் கதவு திறந்து, வேலை விளம்பரத் தாள் மை காயாமல் வரும்வரை அங்கே நிற்பார்களாம். ஒரே தாளை வாங்கி ஆளுக்கு ஒரு பத்தி கிழித்து, கத்திப் படிப்பார்களாம், தச்சர் என்று வந்தால் தச்சர் ஓடுவார், பூட்டு, இயந்திர வேலை என்று வந்தால் அப்பா. உயரமானவர் என்பதால் கதவைப் பார்த்துச் சொல்ல இவரை மட்டும் நடைபாதை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மற்ற பதினோரு பேரும் சுவரோரமாய், காமிராவுக்கு எட்டாமல். "தெருவுல நிக்கறது பரவாயில்ல, ஆனா அநாதைப் பயல் மாதிரி காட்டிடாதே. பாவ்லிக்கே பாத்தான்னா செத்தாலும் விடமாட்டான், கிண்டல் பண்ணியே கொல்லுவான்" என்றார். பாவ்லிக்கே என்பவர் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு தச்சர்.

மறுநாள் குப்பைக் கூடையில் போட்ட மிச்சத் துண்டுகளைத் தேடி எடுத்தேன். மூன்றாவது துண்டில், நான் வெட்டிய இடத்துக்கு அடுத்த கட்டத்திலேயே, ஓரத்திலிருந்து ஒரு கை பாதி ரொட்டியை நீட்டுகிறது. தனிமை கெடுகிறதே என்று அந்தக் கையை வெட்டியவள் நான்தான். டைரக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அந்தக் கை வந்தா படம் போச்சும்மா, அவன் தனியாளு, அதான் சமாசாரமே" என்றார். அவர் என் கணவர் என்றேன், நினைத்ததைவிடச் சத்தமாக. ஒட்டும் மேசைகளில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். டைரக்டர் கழுத்தைச் சொறிந்துகொண்டு "பசியோட நின்னானா?" என்று கேட்டார். இல்லை, பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள் என்றேன். "ரெண்டு செகண்டு அந்தக் கை இருக்கட்டும். அதுக்கு மேல கேட்டே, உன்னைத் தூக்கிக் கூடையில போடுவேன்" என்றார். போன ஞாயிறு பகல் காட்சிக்குப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அந்தக் கை வந்ததும் பாவ்லிக்கே எழுந்து நின்று "டேய், அது என் ரொட்டிடா!" என்று கத்தினார், தியேட்டர் முழுக்கச் சிரித்தது, அப்பாவும்.

நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன் பார். அந்தக் கிழித்த தாள் ஒன்றில்தான் ஒரு பெரிய துணிக்கடையின் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை வந்தது. நவம்பர் முதல் போகிறார். எண்ணெய் வாடை மறுபடி வந்துவிட்டது, அதை முகர்ந்துவிட்டு இப்போது நிம்மதியாய்த் தூங்குகிறேன். உனக்கு இங்கே வேலை உண்டு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. வரலாம் என்று தோன்றினால் வா, உன் அறையில் புத்தகங்களைத்தான் அடுக்கியிருக்கிறேன், ஒரு மணி நேரத்தில் காலி செய்துவிடுவேன். ஆனால் இல்லாத இடத்தை நம்பி இருக்கும் இடத்தை விடாதே. நீ வேலை செய்யும் குளிர்ச் சேமிப்பு அறையிலிருந்து நேராக வெயிலுக்குப் போகாதே, மாட்டிறைச்சி மட்டுமே சாப்பிடாமல் காய்கறியும் கொஞ்சம் சேர்த்துக்கொள். உன் அம்மாவின் கல்லறைக்கு இலையுதிர்காலத்தில் போய்ப் புதுச் செடி வைத்தோம், வேர் பிடித்திருக்கிறது. நீ நீண்ட ஆயுளோடு, நல்ல நண்பர்களோடு இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அப்பா நான்கு நாளாய் உனக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போடுகிறார், உண்மையைத் தானே உன்னிடம் சொல்லவேண்டும் என்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உனக்குக் கோபம் வரும், நியாயம்தான், அதை என் கடிதத்தோடு தீர்த்துக்கொள், எனக்கு எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, கம்பெனி முகவரிக்கு. அவர் கடிதம் வரும்போது மட்டும், முதல் முறையாகக் கேட்பவனைப் போல் படித்து, அவருக்குப் பதில் எழுது.

உன் கெர்டா