கழற்றிக் கொடுத்த சட்டை

மார்ச் 4
பெரிய பேத்தி இன்னொரு வழக்கில் ஜெயித்துவிட்டாள். பேரன் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் வளர்த்த பிள்ளைகள்! பெற்றவர்களுக்குத்தான் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கூடத்துச் சுவரில் கறுப்புக் கோட்டில் அவள், வெள்ளை உடுப்பில் அவன்.

கடைக்குட்டி ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறான். இருபத்தாறு வயது. புத்தி கொஞ்சம் மந்தம், பாவம்.

பேத்திக்குக் கால் வீங்கியிருக்கிறது. சாப்பாட்டைத் தொடவில்லை.

ஏப்ரல் 19
அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாம். கப்பல்காரனுக்குச் சர்க்கரை, அவன் கொடுக்க முடியாது. எனக்கு வயசாகிவிட்டது. பொருந்துவது கடைக்குட்டி ஒருத்தன்தான்.

மே 7
டாக்டரம்மா அவனைத் தனியே வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். "தெளிவாத்தான் பேசுறார் பாட்டி. ஒண்ணு அக்காவுக்கு, வலிக்கும், திரும்ப முளைக்காதுன்னார். வளர்த்தவங்க நீங்க என்ன சொல்றீங்க?"

"அது குழந்தைம்மா. யார் கேட்டாலும் தூக்கிக் குடுத்துரும். போன வாரம் புதுச் சட்டையை எவனுக்கோ கழட்டிக் குடுத்துட்டு பனியனோட வந்து நிக்குது!"

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன்.

மே 30
தானத்துக்கு அனுமதி தரும் ஆஸ்பத்திரிக் குழு, அவன் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சட்டை விஷயத்தைத்தான் பெரிதாகப் பேசினார்களாம். வேறு ஆள் கிடைக்கும்வரை டயாலிசிஸ். கிடைக்கும்.

நவம்பர் 2
கிடைக்கவில்லை. போய்விட்டாள்.

நவம்பர் 20
கடைக்குட்டி பெட்டி கட்டிவிட்டான். சலவைக்கூடத்துக்கு மேலே ஆட்கள் தங்கும் அறையில் தானே போய் இடம் கேட்டிருக்கிறான்.

"என்னடா ராசா இது?"

"அன்னைக்கு இஸ்திரி போடுறவன் சட்டை மெஷின்ல மாட்டிக் கிழிஞ்சிருச்சு பாட்டி. அவன் அப்படியே கல்யாணத்துக்குப் போகணும். எனக்கு வீட்டுல வேற இருக்கு. தெரிஞ்சுதான் என் சட்டையைக் குடுத்தேன்." வாசலில் நின்றான். "நீங்க ஏன் என்னைக் கேக்கல?"

ஏன் கேக்கல? டாக்டரம்மாகிட்ட வாய் கிழியப் பேசினியே — ஒரு வார்த்தை அவனைக் கேட்டியாடி? கேட்டிருந்தால் பேத்தி பிழைத்திருப்பாளா, தெரியாது. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 11
சுவரில் கடைக்குட்டி இருப்பது ஒரே படத்தில். ஆறு வயதில், அக்கா மடியில். போன் போட்டேன். "வேலை செய்யிற இடத்துல நின்னு புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல போடுறியா?"

"என்னையா கேக்குறீங்க?"

"உன்னைத்தான்டா."

"யோசிச்சுச் சொல்றேன் பாட்டி."

புதுப் படம் மாட்ட எடுத்துவைத்த ஆணியைத் திரும்ப டப்பாவில் போட்டேன். அவன் சொல்லட்டும்.